கல்லூரி உதவித்தொகை: விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவிகளுக்குக் குறைவில்லை. உரியவர்களுக்குப் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் தகுதிக் குறைவு காரணமாக இருப்பதில்லை. ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயர். வங்கிக் கணக்கு இருக்கும், ஆனால் அரசுப் பணம் வந்து சேரும் விதத்தில் ஆதாரோடு இணைந்திருக்காது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போகும்போது கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கியிருக்கும். பணம் சிக்குவது இந்த இடங்களில்தான்.

விண்ணப்பத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைகளுக்கு ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். அதனால் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், தொடங்கிவிடுங்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்

முதலில் திட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் துறை வேறு, நிபந்தனை வேறு.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கட்டாயக் கட்டணங்கள் தவிர, ஆண்டுக்கு ஒரு பராமரிப்புப் படியும் இதில் சேர்ந்தது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்படி, பொறியியல், மருத்துவம் போன்ற பட்டப்படிப்பு என்றால் விடுதியில் தங்குவோருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போவோருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்புக்கு 6,000, 3,000. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்றால் 4,000, 2,500. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதில் 10 விழுக்காடு கூடுதல்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்குத் தனித் துறை, தனித் திட்டம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படித்தால் இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு பார்ப்பதில்லை. இது தெரியாமல், 'எங்கள் வருமானம் கூடுதல், எங்களுக்கு வராது' என்று விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் 2,50,000 ரூபாய் வரம்பு வந்துவிடும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. இது கணக்கில் வரும் பணம் அல்ல, கல்விக் கட்டணத்தில் கழிவு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவர்களுக்கு, சான்றிதழ் கையில் இருந்தாலும், இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பெற்றிருந்தால் தம்பி தங்கைக்குக் கிடையாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022 செப்டம்பர் 5 முதல்), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024 ஆகஸ்ட் 9 முதல்). இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இரண்டிலும் சேர்த்தி. இவற்றில் சாதியோ வருமானமோ பார்ப்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதையும் சேர்த்து வாங்கலாம். பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. எல்லாம் செல்லும். தொலைநிலைக் கல்வி செல்லாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. இந்த இடம் கிடைத்தவரிடம் கல்லூரி இந்தக் கட்டணங்களைக் கேட்டால், கட்டிவிட்டுப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி அங்கேயே பேசுங்கள்.

ஒரே கல்விக் கட்டணத்தை இரண்டு திட்டங்களில் கோர முடியாது. எதில் கூடுதலாகக் கிடைக்கும் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்பட்டால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றுமே இ-சேவை மையத்தில், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணத்தில். முதல் முறை போகிறவருக்கு 'கேன்' எண் என்ற குடிமக்கள் பதிவு எண் ஒன்றை உருவாக்குவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கெல்லாம் அதே எண்தான். கேன் பதிவில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் சான்றிதழிலும் அச்சாகும். மைய ஊழியர் தட்டச்சு செய்து முடித்ததும் திரையை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள். அங்கே கூச்சப்பட்டால் பிறகு 60 ரூபாயும் பல நாட்களும் போகும்.

பழைய சாதிச் சான்றிதழ் கைப்பட எழுதி முத்திரை குத்திய அட்டையாக இருந்தால், அதை ஆதாரமாக வைத்து மின்னணுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். உதவித்தொகைத் தளத்தில் சான்றிதழ் எண்ணைக் கொடுத்ததும் வருவாய்த் துறைப் பதிவோடு ஒத்துப் பார்க்கிறார்கள். அட்டையில் உள்ள எண் அந்தப் பதிவில் இருக்காது. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் வழங்க முடியாது, கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்குவார்கள். விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் பழங்குடி மாணவர்கள் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும்.

வருமானச் சான்றிதழை விண்ணப்பிக்கும் ஆண்டுக்குப் புதிதாக வாங்குங்கள். போன வருடத்தியதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் பெரும்பாலும் திரும்பி வரும். 2,50,000 என்றால் மாதம் 20,833 ரூபாய். பெற்றோர் இருவரின் வருமானத்தையும், நிலம், வாடகை, கடை வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சான்று கேட்பார்கள். கூலி வேலை, சிறு வியாபாரம் என்றால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவதுதான் அடிப்படை. விண்ணப்பம் அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும் அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று காட்டினால் நிராகரித்துவிட்டார்கள் என்று பொருளில்லை. ஸ்கேன் தெளிவாக இல்லாதது, குடும்ப அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஏற்றியது, விசாரணைக்கு வந்தபோது வீட்டில் யாரும் இல்லாதது போன்ற காரணங்கள்தான் அதிகம். சரிசெய்து மீண்டும் அனுப்பிவிடலாம்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்பது உறுதிமொழியாகவும் விசாரணையாகவும் வேண்டும். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என எல்லாரையும் பார்ப்பார்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் நாட்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். அதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், 7.5 விழுக்காடு ஆகியவற்றுக்கு 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி என்பது முக்கியம். இடையில் பள்ளி மாறியிருந்தால், ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் அங்கே படித்த வகுப்புகளுக்கு போனபைடு சான்றிதழ் வாங்கி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணை மாற்றுச் சான்றிதழிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி வரலாற்றை அந்த எண்ணை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

பெயரும் இனிஷியலும்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நம் பெயர் எழுதும் வழக்கமே இதற்குக் காரணம். தமிழில் கு. கீர்த்தனா. ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். வங்கியில் இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரையும் சேர்த்து 'கீர்த்தனா குமார்' என்று போட்டுவிடுவார்கள். போதாததற்கு, 'த' வரும் இடத்தில் ஒரு ஆவணத்தில் 'எச்' எழுத்து இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பெண்தான். கணினிக்கு அப்படியல்ல.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் நான்கிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துவதே நல்லது. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரைத் திருத்துவது எளிது, ஆனால் அதற்கும் வரம்பு உண்டு: பெயரை ஆயுளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எனவே அவசரத்தில் தப்பாக மாற்றிவிடாதீர்கள். ஆதாரைத் திருத்திய பிறகு வங்கியில் கே.ஒய்.சி. என்ற வாடிக்கையாளர் அடையாள விவரத்தைப் புதுப்பித்து அங்கேயும் அதே பெயரை ஏற்றுங்கள்.

ஆதார் மையத்துக்குப் போகும்போது இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடலாம். ஒன்று, இப்போது கையில் இருக்கும் கைப்பேசி எண்ணைப் பதிவது. அப்பாவின் பழைய எண் இருந்தால் ஓ.டி.பி. எங்கோ போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று, 15 வயதுக்குப் பிறகு கட்டாயமான கைரேகை, கண்விழிப் புதுப்பிப்பு. அதைச் செய்யாதவர்களுக்குக் கைரேகைச் சரிபார்ப்பு தோல்வியடையும்.

வங்கிக் கணக்கு

அரசுப் பணம் இப்போது பெரும்பாலும் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. உங்கள் ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்பதை என்.பி.சி.ஐ. என்ற அமைப்பின் பதிவு சொல்லும். அந்தப் பதிவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அது.

இங்கேதான் குழப்பம். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் இணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அது கணக்குக்கான அடையாளச் சான்று மட்டும். என்.பி.சி.ஐ. பதிவில் ஏற, அதற்கென்று உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வரும் முறைக்கு டி.பி.டி. என்று பெயர். வங்கியில் 'டி.பி.டி. வருவதற்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்' என்றே சொல்லுங்கள், 'ஆதார் லிங்க்' என்று சொன்னால் அவர்கள் முதல் வேலையை மட்டும் செய்து அனுப்பிவிடலாம். சில நாள் கழித்து மை ஆதார் தளத்தில் உள்நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்ற நிலையும் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் திறந்த கணக்கையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் 18 வயது முடிந்ததும் சிறார் கணக்கை மேஜர் கணக்காக மாற்றிப் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது.  சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய வங்கிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாயின. 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. இவற்றின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் படிவத்தில் எழுதாதீர்கள். புதிய புத்தகம் வாங்கிவிடுங்கள்.

கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். அம்மா அப்பா கணக்கு செல்லாது. ஏ.டி.எம். அட்டையையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ கேட்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

யுமிஸும் விண்ணப்பமும்

கல்லூரியில் சேர்ந்ததும் உங்கள் விவரங்களை யுமிஸ் என்ற உயர்கல்வி மேலாண்மைத் தளத்தில் கல்லூரி பதிவு செய்யும். அதில் உங்களுக்கென்று ஓர் எண் கிடைக்கும். உதவித்தொகைக்கு அதுதான் சாவி. அதை உருவாக்குவது கல்லூரியின் வேலை, உங்களால் முடியாது. சேர்க்கை முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் அலுவலகத்தில் போய், இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலர் யார் என்று கேட்டு, உங்கள் எண்ணை வாங்கிவிடுங்கள். பெயர், படிப்பு, எந்த ஆண்டு, அரசு ஒதுக்கீடா நிர்வாக ஒதுக்கீடா, விடுதியா வீடா என்று ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் தொகை மாறும், அல்லது விண்ணப்பமே நிற்கும். அரசு ஒதுக்கீட்டில் வந்தவரை நிர்வாக ஒதுக்கீடு என்று தெரியாமல் பதிந்துவிடும் பிழை நடக்கக் கூடியது. அதைக் கல்லூரிதான் திருத்த முடியும்.

மாநில உதவித்தொகைத் தளத்தில் யுமிஸ் எண்ணைக் கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்து உள்ளே போகலாம். சாதி, வருமானச் சான்றிதழ் எண்களைத் தட்டச்சு செய்யும்போது பூஜ்ஜியத்தையும் 'ஓ' எழுத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சமர்ப்பித்ததும் வரும் விண்ணப்ப எண்ணோடு அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். 'சேமி' என்பதை அழுத்திவிட்டு 'சமர்ப்பி' என்பதை அழுத்தாமல் வெளியே வந்துவிடுபவர்களும் உண்டு.

அதோடு வேலை முடியாது. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், பிறகு மாவட்ட நல அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். கல்லூரி நிலையிலேயே நின்றால் நோடல் அலுவலரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடைசித் தேதி மாணவருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று இருக்கும். இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுமைப் பெண்ணுக்கும் தமிழ்ப் புதல்வனுக்கும் கல்லூரி வழியாகத்தான் பதிவு. இணையத்தில் தனியாகப் படிவம் தேடி, யாருக்காவது பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

போஸ்ட் மெட்ரிக் தொகையில் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. மத்தியப் பங்கு மாணவரின் கணக்கிற்கே நேராக வரும். அதனால் ஒரே நாளில் முழுத் தொகையும் வராமல் போகலாம். அதில் கல்விக் கட்டணப் பகுதி கல்லூரிக்குச் சேர வேண்டியது. வந்த பணத்தை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டால், தேர்வு நுழைவுச்சீட்டு நேரத்தில் பெரிய தொகைக்கு அலைய வேண்டிவரும். பராமரிப்புப் படி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு, கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள்.

பணம் வரவில்லை என்றால்

முதலில் நிலையைப் பாருங்கள்: ஒப்புதலே ஆகவில்லையா, ஒப்புதல் ஆகியும் வரவில்லையா? ஒப்புதல் ஆகவில்லை என்றால் கல்லூரியும் மாவட்ட அலுவலகமும்தான். ஒப்புதல் ஆகிவிட்டது என்றால் வங்கிப் பக்கம் பாருங்கள். அரசுப் பணப் பட்டுவாடாவைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வங்கிப் பெயரும் கணக்கு எண்ணும் கொடுத்து, பணம் அனுப்பப்பட்டதா, திரும்பிப் போனதா என்று தெரிந்துகொள்ளலாம். உங்களிடம் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் எல்லாவற்றின் புத்தகங்களையும் பதிந்து பாருங்கள். நகைக்கடனுக்கோ எரிவாயு மானியத்துக்கோ திறந்த வேறொரு கணக்கில் போய் உட்கார்ந்திருப்பது சாதாரணமாக நடக்கும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகமும், பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகமும் இருக்கும். போகும்போது விண்ணப்ப எண், யுமிஸ் எண், ஆதார் இணைப்பு நிலையின் அச்சு, வங்கிப் புத்தக நகல் நான்கையும் எடுத்துப் போங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதலமைச்சரின் உதவி மைய எண் 1100. எங்கும் பதில் இல்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் எந்த நாளில் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்த ஆண்டுகள்

ஒருமுறை வந்துவிட்டால் தானாக வந்துகொண்டே இருக்கும் என்று நினைக்காதீர்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். உடல்நலக் குறைவால் வருகை குறைந்தால் மருத்துவச் சான்றை அந்தந்த மாதமே துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். கல்லூரியோ பிரிவோ மாறினால் யுமிஸில் பழைய பதிவை அந்தக் கல்லூரி விடுவித்தால்தான் புதிய கல்லூரி உங்களைச் சேர்க்க முடியும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதையும் கேட்டு முடித்துவிடுங்கள்.

கடைசி ஆண்டுத் தொகை படிப்பு முடிந்த பிறகும் வந்து சேரலாம். வேலைக்குச் சேர்ந்து நிறுவனம் சம்பளக் கணக்கு திறக்கும்போது, அங்கே ஆதார் சீடிங் படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். என்.பி.சி.ஐ. பதிவு அந்தப் புது வங்கிக்கு மாறிவிடும். பழைய கணக்கையும், அதில் பதிந்த கைப்பேசி எண்ணையும், நிலுவை எல்லாம் வந்து சேரும்வரை மூடாமல் வைத்திருங்கள்.